ஐம்பத்திரண்டு வில்லன்களும் நான்தான்

அந்த வீடியோவை நிறுத்துங்க தம்பி. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி வெச்சுக்கிட்டு, காலையிலயே. இல்ல, இருங்க. நிறுத்தாதீங்க. கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. மீசைக்காரன் ஒருத்தன் கிணத்து மேட்டுல நின்னு கத்துவான் பாருங்க, அங்க போங்க. ஆங். இப்ப விடுங்க.

“இந்த ஊர்ல சூரியன் உதிக்கணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான்டா உதிக்கணும்!”

கேட்டீங்களா? யார் குரல் அது? என் மூஞ்சியைப் பாக்காதீங்க, கழுத்தைப் பாருங்க. இந்தத் தொண்டைதான். வேணும்னா இங்கயே ஒரு தடவை கத்திக் காட்டறேன், டிரைவர் பிரேக் போட்டுடுவான். வேணாமா? சரி, வேணாம். ஆரணி கோதண்டம். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். கேள்விப்பட்டிருக்கீங்களா? மாட்டீங்க. எனக்குத் தெரியும், மாட்டீங்க.

உங்களுக்கு என்ன வயசு, முப்பத்தெட்டா? அப்ப நீங்களும் ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு டிவி முன்னாடி உக்காந்த கூட்டம்தான். வெறுங்கை வேங்கை. அமெரிக்காவுல எந்தக் காலத்துலயோ எடுத்த தொடர். குதிரை, துப்பாக்கி, புழுதி, தண்டவாளம் போடறவங்க கூடாரம். அந்தக் கூடாரத்துல சமையல்காரன் ஒரு சீனாக்காரன், மிங்னு பேரு. வாரம் ஒரு ஊருக்குப் போவான். அந்த ஊர்ல அக்கிரமக்காரன் ஒருத்தன் இருப்பான். எல்லார் இடுப்பிலயும் துப்பாக்கி, இவன் கையில ஒரு கரண்டி. அதையும் கீழ வெச்சுட்டு வெறுங்கையாலயும் காலாலயும் அடிச்சுத் துவம்சம் பண்ணுவான். அப்புறம் சட்டியில இருக்கற கஞ்சியை ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஊத்திட்டுப் போயிக்கிட்டே இருப்பான். ஐம்பத்திரண்டு வாரம். ஐம்பத்திரண்டு ஊர். ஐம்பத்திரண்டு அக்கிரமக்காரன்.

அந்த ஐம்பத்திரண்டு பேரும் நான்தான் தம்பி. அடி வாங்கினது அவனுங்க உடம்பு, அலறினது என் தொண்டை. குதிரையிலேர்ந்து விழுந்தது நான். குதிரைத் தொட்டியில முங்கினது நான். ஒரு வாரம் பேங்க் கொள்ளைக்காரன், அடுத்த வாரம் மாட்டுப் பண்ணைக்காரன், அதுக்கடுத்த வாரம் ஒத்தைக் கண்ணன். ஒத்தைக் கண்ணனுக்கு ஒரு மாதிரி கரகரப்பு குடுத்தேன், கவனிச்சீங்களா? எவன் கவனிச்சான்! எல்லாம் மிங், மிங், மிங்.

மிங்குக்குப் பேசினவன் பேரு மட்டும் தெரியுது, இல்ல? சிவசைலம். பாத்தீங்களா, டக்குனு வருது வாயில. அவன் ஒரு எபிசோடுக்கு எத்தனை வரி பேசினான் தெரியுமா? எட்டு. ஜாஸ்தி போனா பத்து. நான் பக்கம் பக்கமா பேசினேன். எட்டு வரி பேசினவன் பேரு ஊருக்கே தெரியுது, பக்கம் பக்கமா பேசினவன் பூந்தமல்லியிலேர்ந்து டவுன் பஸ்ல நின்னு இடம் புடிச்சு வர்றான்.

இன்னிக்கு அவனுக்கு விழா. வடபழனியில, கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மண்டபம். உங்களை மாதிரி அன்னிக்குப் பிள்ளைங்களா இருந்தவங்க கூடி நடத்தறாங்க. நீங்க இப்ப பாத்தீங்களே, அந்தக் கடைசிக் காட்சி, அதைத் திரையில போடுவாங்களாம். அன்னிக்குப் பேசாம விட்ட வசனத்தை இவன் மேடையில நின்னு பேசணுமாம். முந்நூறு பேர் முன்னாடி. இருபத்தேழு வருஷம் கழிச்சு. பத்தரைக்கு ஆரம்பம். இப்ப மணி என்ன? பத்து அஞ்சா? இன்னும் கரையான்சாவடியே தாண்டல. தாண்ட வேணாம். நிதானமா போகட்டும். எனக்கென்ன அவசரம், எனக்கா மாலை போடப்போறாங்க?

நான் போறது கை தட்டறதுக்கு இல்ல. ஒரே ஒரு கேள்வி கேக்கணும் அவனை. மேடை ஏறி, மைக்கைப் புடிச்சு, அத்தனை பேர் முன்னாடி கேக்கப்போறேன். ஏன்டா என் பேரைச் சொல்லலை? அவ்வளவுதான். கேட்டுட்டு இறங்கிடுவேன். சாப்பாடு கூட வேணாம்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், நம்ப மாட்டீங்க. அவனுக்குத் திக்கும்.

ஆமாங்க. சிவசைலத்துக்கு. அப்படியே திறந்த வாய் திறந்தபடி நிக்கும், கண்ணு ரெண்டும் செருகும், முதல் எழுத்து வரவே வராது. ‘க’ வந்தா தீர்ந்துது. திறந்த அந்த வாய்க்குள்ள மழைக்கு ஒதுங்கலாம். அந்த ஆளைத்தான் கொண்டாந்து கதாநாயகனுக்கு நிறுத்தினாங்க.

யாரு நிறுத்தினதுன்னா, விசாலம் அம்மா. வசனமும் அவங்கதான், டப்பிங் பொறுப்பும் அவங்கதான். நல்லவங்கதான், நான் ஒண்ணும் சொல்லலை. மிங்குக்கு முதல்ல என்னைத்தான் பேசிக் காட்டச் சொன்னாங்க. பேசினேன். உருகி உருகிப் பேசினேன். கேட்டுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? “உங்க குரல்ல கோபம் தெரியுது கோதண்டம். இந்த ஆளு கோபமே படாதவன்.” எனக்கா கோபம்? நீங்களே சொல்லுங்க, எனக்கா? கையில இருந்த பேப்பரை மேசையில வெச்சேன். கொஞ்சம் வேகமா வெச்சேன், அங்க இருந்த கண்ணாடி டம்ளர் உடைஞ்சுது. அது வேற விஷயம்.

இவன் அப்ப எங்க இருந்தான்னா, கூட்டத்துல. கூட்டச் சத்தம்னு ஒண்ணு எடுப்போம். “ஐயோ, ஓடுங்க ஓடுங்க”ன்னு ஏழெட்டுப் பேர் சேர்ந்து கத்தணும். அதுல பின்வரிசை. நாலு பேரோட சேர்ந்து கத்தினா அவனுக்குத் திக்காது. ஒரு நாள் டப்பிங் தியேட்டர் படிக்கட்டுல உக்காந்து பூனைக்குப் பன்னு பிச்சுப் போட்டுக்கிட்டு, அதுகிட்ட என்னவோ பேசிட்டு இருந்திருக்கான். பூனைகிட்டயும் திக்காது அவனுக்கு. விசாலம் அம்மா மேல ஜன்னல்ல நின்னு கேட்டாங்க. “இந்தக் குரல்தான், இந்தக் குரல்தான்”னு கீழ ஓடி வந்தாங்க. பூனையால கதாநாயகன் ஆனவன் தம்பி அவன். வயித்தெரிச்சலா இருக்குமா இருக்காதா?

இப்பல்லாம் தனித்தனியா வந்து பேசிட்டுப் போயிடலாம். அப்ப அப்படி இல்ல. எங்க தியேட்டர்ல ஒரே மைக். அந்தக் காட்சியில யார் யார் பேசறாங்களோ எல்லாரும் சுத்தி நிக்கணும். ஒருத்தன் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லேர்ந்து. புரியுதா? நான் அடிவயித்துலேர்ந்து எட்டு வரி கத்தி முடிப்பேன். கடைசியா அவன் ஒரே ஒரு வரி சொல்லணும். அது வராது. சவுண்ட் இன்ஜினியர் பெஞ்சமின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து டேப்பை ரிவைண்ட் பண்ணுவான். நான் மறுபடி எட்டு வரி கத்தணும்.

முதல் நாள் முதல் காட்சி இன்னும் மறக்கல. நான் மார்ஷல், அந்த ஊர் போலீஸ்காரன். “வெளிய போடா சீனாக்காரா”ன்னு ஆரம்பிச்சு அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டி முடிப்பேன். மிங் தலை நிமிராம, “கஞ்சி ஆறிடும், உக்காருங்க”ன்னு சொல்லணும். இவ்வளவுதான். பன்னிரண்டு டேக். பன்னிரண்டு தடவை அவன் வம்சத்தைத் திட்டினேன். தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. பதிமூணாவது தடவை நான் முடிக்கறேன், பக்கத்துல இவன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ, விட்டேன் ஒண்ணு.

“கஞ்சி ஆறிடும். உக்காருங்க.”

வந்துடுச்சு. தேன் மாதிரி. உதட்டுக்கு உதடு சரியா உக்காந்துச்சு. பெஞ்சமின் அந்தப் பக்கம் எழுந்து நின்னுட்டான். விசாலம் அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “கோதண்டம், இனிமே நீங்க அவர் பக்கத்துலயே நில்லுங்க”ன்னாங்க.

அன்னிலேர்ந்து அதுதான் எனக்கு வேலை. அடிச்சதுன்னு நினைக்காதீங்க, முதல் தடவைதான் அடி, அப்புறம் தட்டு. என் வலது பக்கம் நிப்பான். வலது கையை அவன் முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, திரையில அந்த நடிகன் உதட்டையே பாப்பேன். உதடு பிரியறதுக்கு அரை மூச்சு முன்னாடி தட்டணும். ரொம்ப முன்னாடி தட்டினா வார்த்தை முந்திக்கும், பின்னாடி தட்டினா மாட்டிக்கும். அழுத்திப் பேசணும்னா உள்ளங்கை. மெதுவா பேசணும்னா ரெண்டு விரல். இதெல்லாம் எவனும் சொல்லிக் குடுக்கல, நானா கண்டுபுடிச்சேன். என் வரியையும் பேசிக்கிட்டு, அவன் வரிக்கும் உதடு பாத்துக்கிட்டு.

ஏன் தம்பி தள்ளித் தள்ளிப் போறீங்க, ஜன்னல்ல முட்டிக்கப்போறீங்க. இடம் இருக்கு, நல்லா உக்காருங்க.

நேத்துகூட ஒரு பொண்ணு எழுதியிருந்தா, என் மருமக போன்ல காட்டினா. “பேசறதுக்கு முன்னாடி மிங் ஒரு இடைவெளி விடுவாரே, அதுல ஒரு ஞானமே இருக்கு”ன்னு. ஞானமாவது கத்திரிக்காயாவது! அந்த இடைவெளி என் கை தூக்கி இறங்கற நேரம்! அந்தக் குரல்ல பாதி என் கை தம்பி. இதைச் சொன்னா எவன் நம்புவான்?

அவனாவது சொல்லியிருக்கணுமா இல்லையா? ஒரு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து “ரொம்ப நன்றி”ன்னு சொன்னானா? கிடையாது. தினம் காலையில வருவான், பேசாம ஒரு பொட்டலம் பனங்கல்கண்டை என் பேப்பர் மேல வெச்சுட்டுப் போய் நிப்பான். தொண்டைக்கு நல்லதுன்னு. மிளகு தட்டிப் போட்ட பாலு ஃபிளாஸ்க்ல கொண்டு வருவான், என் முன்னாடி வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவான். நான் இருமினா டீக்கடைக்கு ஓடுவான் வெந்நிக்கு. எல்லாம் செய்வான். வாயால ஒரு வார்த்தை? மூச். அவ்வளவு நெஞ்சழுத்தம்.

காட்டுப்பாக்கம் வந்துடுச்சா? பரவால்ல. சிக்னல் விழுந்துச்சு பாருங்க. நல்லா விழட்டும்.

கடைசி எபிசோடுக்கு ஒரு வாரம் முன்னாடி பத்திரிகைக்காரர் ஒருத்தர் தியேட்டருக்கு வந்தாரு. மிங்கோட குரலைப் பேட்டி எடுக்கணும்னு. மிங்கோட குரல்! நானும் அங்கதான் நின்னேன். இவன் பக்கத்துலயே. அந்தாளு என்னைப் பாத்து, “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல விழறீங்க”ன்னாரு. தள்ளி நின்னேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். விசாலம் அம்மாதான் முக்காவாசி பதில் சொன்னாங்க. கடைசியா அந்தாளு இவனைப் பாத்து, “நீங்க சொல்லுங்க சார், உங்க வெற்றிக்கு யார் காரணம்?”னாரு.

இவன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

பாத்தான்ல? வாயைத் திறந்தான். “கோ”ன்னு வாயைக் குவிச்சான். நின்னுச்சு. மூஞ்சி செவந்து, கழுத்து நரம்பு புடைச்சு, என்னையே பாக்கறான். என்னையே. எனக்கும் அவனுக்கும் ஒரு முழம் தூரம். கையை நீட்டினா முதுகு.

நான் எதுக்குத் தட்டணும்? நீங்க சொல்லுங்க. என் பேரை அவன் சொல்றதுக்கு நானே தட்டணுமா? எனக்கு மானம் ரோஷம் இல்லையா? அதுவா வரணும். மனசுல இருந்தா வரும். ஒரு வருஷம் தட்டினவன் பேரு, தட்டாம ஒரு தடவை வராதா?

வரல. பத்திரிகைக்காரர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, “அடக்கம் சார் உங்களுக்கு”ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் வந்துச்சு. அரைப் பக்கம். இவன் போட்டோ. “வெற்றிக்குக் காரணம் விசாலம் அம்மாவே என்று அடக்கத்துடன் புன்னகைக்கிறார்.” என் பேரு எங்கயும் இல்ல. பேப்பரை நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, அதுக்கு மேல மடிக்க முடியல. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது தம்பி. இன்னும் எரியுது.

அந்த வாரம்தான் கடைசி எபிசோடு.

நீங்க வெச்சிருக்கீங்களே, அதேதான். மீசைக்காரன் அடிவாங்கிக் கிணத்துல விழுந்தாச்சு. ஊர் ஜனமெல்லாம் கூடி நின்னு, “எங்களை விட்டுப் போகாதீங்க”ன்னு கேக்கும். மிங் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு நடப்பான். நாலடி போயி நிப்பான். தொப்பி மூஞ்சியை மறைக்கும். அங்க ஒரு வசனம் உண்டு. விசாலம் அம்மா ராத்திரி பகலா யோசிச்சு எழுதினது. “பசிச்சா கூப்பிடுங்க.” அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வாரமும் அந்த ரெண்டு வார்த்தையில வந்து நிக்கணும்.

என் வேலை கிணத்தோட முடிஞ்சுது. ஆனா நிக்கணும்ல, தட்டறதுக்கு. நின்னேன்.

எனக்கு அன்னிக்குக் கை வலி. வலதுகை. மணிக்கட்டுல சுளுக்கு மாதிரி.

என்ன பாக்கறீங்க? ஆமா, சுளுக்கு. சரி, வலின்னா பெரிய வலி ஒண்ணும் இல்ல. பேண்ட் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு நின்னேன், போதுமா? எடுக்கல. ஊர் ஜனம் பேசி முடிச்சுது. திரையில மிங் நின்னான். இவன் பக்கத்துல நின்னான், வாயைத் திறந்துக்கிட்டு. காத்துச் சத்தம் மட்டும் ஓடுச்சு. பெஞ்சமின் ரிவைண்ட் பண்ணினான். மறுபடி. மறுபடி. இவன் என்னைத் திரும்பிப் பாக்கல. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தடவை திரும்பி, “தட்டுடா”ன்னு கண்ணால கேட்டிருந்தா தட்டியிருப்பேன். கேக்கல. நேரா திரையையே பாத்துக்கிட்டு, முதுகை மட்டும் இப்படி, கொஞ்சம் என் பக்கமா சாய்ச்சு வெச்சிருந்தான். என் கை இருக்கும்னு நினைச்ச இடத்துக்கு.

பதினேழு டேக்.

சாயங்காலம் டேப் சேனலுக்குப் போயாகணும். பெஞ்சமின்தான் சொன்னான், “மூஞ்சி தெரியல மேடம், வசனம் இல்லாமயே விட்டுடலாம்.” விசாலம் அம்மா என் பேண்ட் பாக்கெட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. இவன் பேப்பரை அழகா அடுக்கி ஸ்டாண்டுல வெச்சான். மைக்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். படியிறங்கிப் போனான். பூனை பின்னாடியே போச்சு. அதுக்கப்புறம் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்கல. செங்கல்பட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வெச்சுட்டான்னு சொன்னாங்க. பேச வேண்டாத வேலை பாருங்க. காகிதத்தைக் குடுத்தா காகிதத்தைக் குடுக்கலாம்.

ஞாயித்துக்கிழமை ஒளிபரப்பாச்சு. நான் நினைச்சேன், ஊரே காறித் துப்பும், என்னடா இது கதாநாயகன் ஊமையா நிக்கறானேன்னு. என்ன ஆச்சு? ஊரே அழுதுச்சு! “ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரே”ன்னு லெட்டர் மூட்டை மூட்டையா வந்துச்சாம் சேனலுக்கு. இருபத்தேழு வருஷமா அதையே போட்டுப் போட்டுப் பாக்கறீங்க. “மௌனமே பெரிய வசனம்”னு கீழ எழுதறீங்க. அந்த மௌனம் என்னுது தம்பி! நான் தட்டாத மௌனம்! அதுக்கும் பேரு அவனுக்கே போச்சு. எங்க போயி முட்டிக்கறது?

ஏன் தட்டலன்னா கேக்கறீங்க? இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க? என் பேரை அவன் சொல்லலீங்க!

கோபப்படாம எப்படிப் பேசறது? ஆங்?

இதைப் பாருங்க. அழைப்பிதழ். “மிங்கின் குரல் திரு. சிவசைலம்”, எவ்வளவு பெரிய எழுத்து. என் பேரு? தேடுங்க. கண்ணாடி போட்டுத் தேடுங்க. “மற்றும் குழுவினர்.” அதுக்குள்ள இருக்கேன் நான். ஐம்பத்திரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அடைஞ்சு கிடக்கோம்.

அது போதாதுன்னு இது. தபால் கார்டு. அவனே எழுதினது. போன்ல பேச மாட்டான்ல. கையெழுத்து மட்டும் முத்து முத்தா. படிக்கறேன் கேளுங்க. “கோதண்டம், விழாவுக்குக் கூப்பிடறாங்க. அந்த வரியைப் பேசச் சொல்றாங்க. என் இடது தோளுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். நீ வந்தா பேசுவேன். வரலேன்னாலும் எழுந்து நிப்பேன். சிவசைலம்.” பாத்தீங்களா திமிரை? மிரட்டறான்! பின்னாடி நாற்காலியாம்! முன்னாடி கூட இல்ல, பின்னாடி! இருபத்தேழு வருஷம் கழிச்சும் நான் அவன் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காரணுமா?

கூடவே ஒரு பொட்டலம். பனங்கல்கண்டு. என்ன கிண்டல் பாருங்க. இந்தாங்க, எடுத்துக்கோங்க ஒண்ணு. எடுத்துக்கோங்க தம்பி, நல்ல சரக்குதான். உடன்குடி சரக்கு. எப்பவும் அதுதான் வாங்குவான்.

என்ன சொன்னீங்க? அந்த ‘கோ’வா? எந்த ‘கோ’?

பத்திரிகைக்காரர் கேட்டப்ப அவன் வாய் குவிஞ்சுதே, அது என் பேரா இருக்கும்னா சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? எனக்கு அவன் உதடு தெரியாதா? ஒரு வருஷம் உதடு பாத்தவன் தம்பி நான். அது என் பேருதான். அன்னிக்கே தெரியும். என் பேரேதான். ஆனா வெளிய வந்துச்சா? வந்துச்சான்னு கேக்கறேன்.

வரல. வரல, அவ்வளவுதான்.

இது எங்க, விருகம்பாக்கம் தாண்டிட்டோமா? மணி என்ன? பத்து ஐம்பதா? ஆரம்பிச்சிருப்பாங்க. குத்துவிளக்கு, வரவேற்புரை, அதுக்கே கால் மணி நேரம் ஓட்டுவாங்க. அப்புறம் நேரா காட்சியைப் போட்டுடுவாங்க. போடட்டும். இப்ப எதுக்கு வண்டி நிக்குது? சிக்னலா? நல்லது. நிக்கட்டும். எழுந்து நிக்கட்டும் அவனும். முந்நூறு பேர் பாக்கட்டும், ஞானம் ஞானம்னாங்களே, அந்த ஞானத்தை எல்லாரும் கண்ணால பாக்கட்டும்.

என்ன தம்பி, ஏன் தோளைத் தேச்சு விட்டுக்கறீங்க? சுளுக்கா?

நானா?

நான் தட்டினேனா? எப்ப? பூந்தமல்லியிலேர்ந்தா? சும்மா சொல்லாதீங்க. நீங்க பேச வாயெடுக்கறப்பல்லாமா? ஒவ்வொரு தடவையுமா?

எந்தக் கை? இதுவா?

ஏன் முன்னாடியே சொல்லலை? சொல்ல வேணாமா ஒரு மனுஷன்கிட்ட? வலிக்குதா? ரெண்டு விரலாலதான் தட்டினேனா, சரி. சரி, சரி. அந்தக் கார்டைக் குடுங்க இங்க. கல்கண்டை வெச்சுக்கோங்க. காலை மடக்குங்க, என் பை, என் பை எங்க?

யோவ் கண்டக்டர்! கதவைத் திறய்யா! ஸ்டாப்பிங் இல்லேன்னா என்னய்யா, வண்டி கால் மணியா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு! நான் இறங்கி ஓடிக்கறேன். எழுபது வயசுன்னா ஓட மாட்டேனா? வழி விடும்மா, கூடையை நகத்தும்மா! விசில் அடிய்யா, திறய்யா கதவை! அங்க ஒருத்தன் மைக் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறான்யா!